கர்வ்ஸ் இருக்கும்போது சேனல்களை ஏன் கலக்க வேண்டும்?

கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஒருவர் கேட்டது: "போட்டோஷாப்பில் கர்வ்ஸ், லெவல்ஸ், ஹியூ சாச்சுரேஷன் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. சேனல் மிக்ஸர், அப்ளை இமேஜ், கால்குலேஷன்ஸ் மூன்றையும் மட்டும் இதுவரை தொட்டதே இல்லை. அவற்றால்தான் முடியும் என்கிற மாதிரி ஏதாவது வேலை உண்டா? கருப்பு வெள்ளைக்கு சேனல் மிக்ஸரில் சிவப்பு 70, பச்சை 30, நீலம் 0 வைத்தால் போதும் என்கிறார்களே, சரியா?"

உண்டு. படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகள் ஒவ்வொன்றும் ஒரு சேனல். கர்வ்ஸும் லெவல்ஸும் ஒரு சேனலில் ஏற்கெனவே இருப்பதை இழுக்கும், அமுக்கும். இல்லாததைக் கொண்டுவராது. மணப்பெண்ணின் புடவை சிவப்புச் சேனலில் முழுக்க 255 என்று தட்டையாகக் கிடக்கிறது என்று வையுங்கள். கர்வை எப்படி வளைத்தாலும் அந்த 255 வேறொரு ஒற்றை எண்ணாக மாறுமே தவிர, புடவையில் ஒரு மடிப்புகூட வராது. அந்த மடிப்பெல்லாம் பக்கத்துச் சேனலில் பத்திரமாக இருக்கும். அங்கிருந்து மொண்டு இங்கே ஊற்றுவதற்குத்தான் நீங்கள் தொடாமல் வைத்திருக்கும் அந்த மூன்று கருவிகளும்.

நான் தொழில் பழகிய நாளில் நாலு கலர் அச்சு வேலை என்றால் நாலு பாசிட்டிவ் ஃபிலிம். லைட் டேபிளில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போம், நாலுமே கருப்பு வெள்ளைதான். செய்தித்தாளில் எப்போதாவது ரெஜிஸ்டர் விலகி, அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல், உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்திருக்கும் அல்லவா? கலர் என்பது தனித்தனிப் படங்களின் அடுக்கு என்று வாசகருக்கே தெரிகிற நாள் அதுதான். கணினியில் இருக்கும் ஆர்ஜிபி படமும் அப்படியே: மூன்று கருப்பு வெள்ளைப் படங்கள், 8 பிட் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். போட்டோஷாப்பில் கண்ட்ரோல் 3, 4, 5 அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாகத் தெரியும். கண்ட்ரோல் 2 அழுத்தினால் பழையபடி முழுப் படம். சேனல்கள் கருப்பு வெள்ளையாகத் தெரியாமல் கலராகவே தெரிந்தால் பிரெஃபரன்சஸில் அதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். கலராகப் பார்த்தால் எதுவும் புரியாது.

ஒரு முகத்தை எடுத்து இந்த மூன்று சாவியையும் தட்டிப் பாருங்கள். சிவப்பில் முகம் வெளுத்து வழுவழுவென்று இருக்கும். பருவும் தழும்பும் போன இடம் தெரியாது. பச்சையில் முகம் முகமாக இருக்கும். நீலத்தில் கறுத்துப்போய், ஒவ்வொரு தோல்துளையையும் எண்ணிவிடலாம். ஒரே ஆள், ஒரே நொடி, மூன்று விதமான படம். திருத்த உட்காருமுன் இந்த மூன்றையும் பார்ப்பவர் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. எடுத்ததும் கர்வ்ஸுக்குத்தான் கை போகும்.

இது போட்டோஷாப் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1861-ல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் லண்டனில் காட்டிய முதல் கலர் படமே, சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியாகத் தனித்தனியாக எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களை ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்ததுதான். பிறகு ரஷ்யாவில் புரோகுடின் கோர்ஸ்கி என்பவர் 1900-களிலும் 1910-களிலும் நாடு முழுக்கச் சுற்றி, நீளமான கண்ணாடித் தகடு ஒன்றில் மூன்று படங்களை மேலும் கீழுமாக எடுத்தார். அவருடைய சுமார் 1,900 தகடுகள் இப்போது அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த கோப்புகளை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மேலே நீலம், நடுவில் பச்சை, கீழே சிவப்பு. மூன்றையும் வெட்டி, ஒரு புதிய ஆர்ஜிபி கோப்பின் மூன்று சேனல்களிலும் ஒட்டி, ஓரங்களைப் பொருத்திப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆற்றங்கரை உங்கள் திரையில் கலராக எழுந்து வரும். ஓடும் தண்ணீரில் மட்டும் வானவில் தெறிக்கும், ஏனென்றால் மூன்று படமும் ஒரே நொடியில் எடுத்ததல்ல. அரை மணி நேர வேலை. பத்து பாடம் பார்ப்பதைவிட இது சேனலை நன்றாகப் புரியவைக்கும்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். அரக்குப் பட்டு, மண்டபத்து எல்இடி விளக்கு, ஜேபெக் கோப்பு. மூன்றும் சேர்ந்தால் சிவப்பு பர்ன் ஆகாமல், அதாவது உச்சியில் முட்டி விவரம் அழியாமல் இருப்பதுதான் அதிசயம். எடுத்தவர் கவனிக்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. புடவை சிவப்பில் 250, பச்சையில் 20, நீலத்தில் 35 என்று வையுங்கள். ஒளிர்வைக் கணக்கிடும்போது சிவப்புக்குச் சுமார் 30 பங்கு, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 என்றுதான் எடை. போட்டுப் பார்த்தால் 91 வரும். கேமராவின் பின்திரையில் ஒளிர்வு ஹிஸ்டோகிராமை (எந்த ஒளிர்வில் எத்தனை புள்ளி என்று காட்டும் வரைபடம்) மட்டும் பார்த்தவருக்கு, எல்லாம் பாதுகாப்பாக நடுவில் இருப்பதாகத்தான் தோன்றும். சிவப்புச் சேனல் மட்டும் அங்கே கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும். கேமரா பதப்படுத்தாமல் சேமித்த ரா கோப்பு இருந்தால் முதலில் அதற்குப் போங்கள், பாதி நேரம் அங்கேயே மடிப்பு கிடைத்துவிடும். இல்லாதபோதுதான் இந்த வித்தை.

பச்சைச் சேனலைத் திறந்து பாருங்கள். புடவை கன்னங்கரேலென்று இருக்கும், ஆனால் தட்டையாக இருக்காது. மடிப்பின் மேட்டில் 45, பள்ளத்தில் 12 என்று ஏறி இறங்கும். பேக்ரவுண்ட் லேயரை நகலெடுத்து, இமேஜ் மெனுவில் அப்ளை இமேஜ் போய், சேனலில் பச்சை, பிளெண்டிங்கில் நார்மல் கொடுங்கள். லேயர் முழுக்க பச்சைச் சேனலின் கருப்பு வெள்ளைப் படமாகிவிடும். பயப்பட வேண்டாம். அந்த லேயரின் பிளெண்ட் மோடை லுமினாசிட்டிக்கு மாற்றினால் கலர் கீழிருந்து வரும், ஏற்ற இறக்கம் மட்டும் மேலிருந்து வரும். ஒப்பாசிட்டியை 25-க்கு இறக்குங்கள். புடவையின் ஒளிர்வு 91-லிருந்து 73 பக்கம் இறங்கி, வெளிறிய சிவப்பு மறுபடி அரக்காகும், கொசுவம் கொசுவமாகத் தெரியும். 40-க்கு மேல் போனால் புடவை ஈரத்துணி மாதிரி கனத்துவிடும். நான் 30-ஐத் தாண்டுவதில்லை.

முகம் கறுக்கக் கூடாது என்றால் மாஸ்க் வேண்டும்: வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கருப்பில் மறையும். அதற்கும் பிரஷ்ஷை எடுக்காதீர்கள், மாஸ்க் ஏற்கெனவே படத்துக்குள்ளேயே இருக்கிறது. கால்குலேஷன்ஸில் சிவப்பிலிருந்து பச்சையைக் கழியுங்கள், பிளெண்டிங் சப்ட்ராக்ட். புடவை 250 கழித்தல் 20, அதாவது 230: கிட்டத்தட்ட வெள்ளை. முகம் 215 கழித்தல் 160, அதாவது 55: இருட்டு. வேட்டியில் மூன்று சேனலும் ஒன்று என்பதால் பூஜ்யம். ஜரிகையோ சிவப்பிலும் பச்சையிலும் உயர்ந்தே இருப்பதால் 40 பக்கம் நின்றுவிடும், அதாவது தங்க நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. ஜரிகை நூல் நூலாக விலகி நிற்கும் இந்த மாஸ்க்கைக் கையால் வரைய ஒரு நாள் போதாது. கழிக்கும் வரிசை மாறிவிட்டால் புடவை கருப்பாக வரும், அப்போது இரண்டு சோர்ஸையும் இடம் மாற்றுங்கள். கிடைத்ததை ஒரு சுற்று லெவல்ஸ் போட்டு இறுக்கி, லேயரின் மாஸ்க்காக வைத்துவிடலாம்.

அடுத்து, எங்களிடம் அடிக்கடி வரும் வேலை: பூஜையறையில் மாட்டியிருந்த தாத்தா பாட்டி படம். கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி மஞ்சள் திட்டுத் திட்டாகக் கறை, பொட்டு வைத்து வைத்து ஓரத்தில் குங்குமம். இதில் முதல் தப்பு ஸ்கேனரிலேயே நடந்துவிடும். ஒருமுறை ஒரு கடையில் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். கருப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்து, அசலையும் வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்று சேனலும் அங்கேயே ஒன்றாகிவிட்டன, கறை வேறு முகம் வேறு என்று பிரிக்க எனக்கு எதுவும் மிச்சமில்லை. இரண்டு நாள் ஹீலிங் பிரஷ் பிடித்தேன். பழைய கருப்பு வெள்ளைப் படத்தைக் கட்டாயம் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், முடிந்தால் 16 பிட்டில்.

கலரில் ஸ்கேன் செய்திருந்தால் கதையே வேறு. மஞ்சள் என்பது நீலத்தின் இல்லாமை. அதனால் மஞ்சள் கறை நீலச் சேனலில் அட்டைக்கரியாகவும், சிவப்புச் சேனலில் இருந்தும் இல்லாத மாதிரியும் இருக்கும். குங்குமமும் வெள்ளைத் தாள்மேல் இருக்கிற இடத்தில் சிவப்புச் சேனலில் கரைந்துவிடும். ஆக, சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. பேனா மை கொட்டின படம் என்றால் நேர் எதிர், நீல மை நீலச் சேனலில்தான் மறையும்.

மிச்சம் கால்வாசிக்குக் கொஞ்சம் கணக்குப் போடலாம். தாளின் வெறும் பகுதி சிவப்பில் 235, நீலத்தில் 212. கறை படிந்த பகுதி சிவப்பில் 215, நீலத்தில் 110. சிவப்பில் கறையின் ஆழம் 20, நீலத்தில் 102. நீலத்தில் கறை ஐந்து மடங்கு ஆழம் என்பதால், அதில் கொஞ்சத்தைக் கழித்தால் சிவப்பில் மிஞ்சியிருக்கும் நிழல் அடங்கிவிடும். சேனல் மிக்ஸரில் மோனோகுரோமை டிக் செய்து, சிவப்பு 125, பச்சை 0, நீலம் மைனஸ் 25 வையுங்கள். தாள்: 294-லிருந்து 53 போனால் 241. கறை: 269-லிருந்து 28 போனால் 241 சொச்சம். இரண்டும் ஒன்று. கறை இருந்த இடமே தெரியாது. ஸ்கேனைப் பொறுத்து எண்கள் மாறும், ஐட்ராப்பரால் இரண்டு இடத்தைத் தொட்டுப் பார்த்து உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை மட்டும் 100-ல் நிற்கட்டும். நின்றால் சாம்பல் நிறங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், 120 120 120 என்ற புள்ளி 120 ஆகவே வெளியே வரும். 100-ஐத் தாண்டினால் வெள்ளைப் பகுதிகள் பர்ன் ஆகத் தொடங்கும். கீழே இருக்கும் கான்ஸ்டன்ட் என்ற ஸ்லைடரைத் தொடவே வேண்டாம், அதனால் உருப்படியாக ஒன்றும் நடந்து நான் பார்த்ததில்லை.

மைனஸ் எண்ணுக்கு ஒரு விலை உண்டு: நாய்ஸ், அதாவது படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளிகள். கழித்தாலும் கூட்டினாலும் ஒரு சேனலின் நாய்ஸ் முடிவில் வந்து சேரத்தான் செய்யும், அது கழிந்துபோகாது. ஸ்கேனரில் இது பெரிய தொல்லை இல்லை. கேமராப் படத்தில்தான் தொல்லை, அதிலும் நீலச் சேனலில். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது: நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். குண்டுபல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சத்தில் நீலத்துக்குக் கிடைப்பதே கொஞ்சம், அதை வொயிட் பேலன்ஸ் பெருக்கிவிடும். போதாததற்கு ஜேபெக், கோப்பைச் சுருக்கும்போது நிற விவரத்தைத்தான் முதலில் குறைக்கும். ஒளிர்வில் நீலத்தின் பங்கு சொற்பம் என்பதால் அந்தச் சேதம் அதன் தலையிலேயே விடிகிறது. ராத்திரி வரவேற்புப் படம் ஒன்றின் நீலச் சேனலை நூறு சதவீதத்தில் பாருங்கள், கட்டம் கட்டமாக உப்புமா மாதிரி இருக்கும். அதை வேறு சேனலில் ஊற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

கறை கணக்கு ஏதோ ஸ்டுடியோக்காரன் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்க்கிமிடீஸின் நூல்கள் எழுதப்பட்டிருந்த தோல்சுவடி ஒன்றைச் சுரண்டிவிட்டு 1229-ல் அதன்மேல் பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் அதைப் படமெடுத்து அடியிலிருந்த எழுத்தைப் படித்தபோது கைகொடுத்ததும் இதே யோசனைதான். சாதாரண விளக்கில் எடுத்த படத்தின் சிவப்புச் சேனலில் அடியெழுத்து மறைந்துவிடும், மேலெழுத்து நிற்கும். புற ஊதா ஒளியில் எடுத்த படத்தின் நீலச் சேனலில் இரண்டுமே கருப்பாக நிற்கும். முதலாவதைச் சிவப்புச் சேனலிலும், இரண்டாவதைப் பச்சை நீலம் இரண்டிலும் போட்டார்கள். மேலெழுத்து மூன்று சேனலிலும் இருட்டு, எனவே கருப்பு. அடியெழுத்து சிவப்பில் மட்டும் வெளிச்சம், எனவே சிவப்பு. ஆர்க்கிமிடீஸ் சிவப்பு மையில் எழுதினது மாதிரி எழுந்து நின்றார்.

தென்னை மரத்துக்குப் பின்னால் வானத்தை மாற்றுகிற வேலையும் உங்களுக்கு வரும், அவுட்டோர் ஷூட் எடுக்காத கல்யாணம் இப்போது எங்கே இருக்கிறது. கீற்றைப் பென் டூலால் வெட்ட முயன்று கண் போனவர்களை எனக்குத் தெரியும். வானம் 95, 150, 215. கீற்று 70, 95, 35. சிவப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் 25, பச்சையில் 55, நீலத்தில் 180. நீலச் சேனலை நகலெடுத்து லெவல்ஸை இரு பக்கமும் நெருக்கினால் கீற்றுக்கீற்றாகப் பிரிந்த மாஸ்க் ரெடி. ஓர் இடத்தில் மட்டும் ஏமாற்றும்: தென்னங்கீற்றின் முதுகு பளபளப்பானது, வானத்தையே பிரதிபலிக்கும், அங்கங்கே நீலத்தில் வெள்ளையாகத் தெறிக்கும். அந்த இடங்களில் பிரஷ்ஷை ஓவர்லே மோடில் வைத்துக் கருப்பால் இரண்டு முறை தடவுங்கள்.

போட்டோஷாப்புக்குப் பதிலாகக் கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: கலர்ஸ் மெனுவுக்குள் காம்போனன்ட்ஸ் பகுதியில் சேனல் மிக்ஸர், மோனோ மிக்ஸர், டீகம்போஸ் மூன்றும் இருக்கின்றன. அங்கே 70 என்பதற்கு 0.7 என்று போட வேண்டும். அப்ளை இமேஜ் கிடையாது. டீகம்போஸ் செய்தால் மூன்று சேனலும் மூன்று லேயராகத் தனிக் கோப்பில் வரும், அதில் வேண்டியதை எடுத்து அசல் படத்துக்குமேல் ஒட்டிக்கொள்ளலாம். சுற்றுவழிதான், ஆனால் கற்றுக்கொள்ள நல்ல வழி. போட்டோஷாப்பிலோ, சேனல் மிக்ஸரை அட்ஜஸ்ட்மென்ட் லேயராகப் போட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய் மாற்றலாம். அப்ளை இமேஜ் போட்டது போட்டதுதான், அதனால்தான் லேயரை நகலெடுக்கச் சொன்னேன்.

கடைசியாக அந்த 70, 30, 0. அது வானத்துக்கான சூத்திரம். 1927-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், அங்கே யோசெமிட்டி மலைப்பகுதியில் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். திருப்தியில்லை. கையில் மிஞ்சியிருந்த கடைசித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார், வானம் கருத்து இறங்கி, பாறை எழுந்து நின்றது. சிவப்பு ஃபில்டர் என்பது சிவப்புச் சேனலை மட்டும் எடுப்பதுதான், லென்ஸுக்கு முன்னாலேயே செய்துவிடுகிறார்கள். மலை, மேகம், கோபுரம் இவற்றுக்கு 70, 30, 0 நன்றாக வேலை செய்யும்.

அதையே மணப்பெண் முகத்தில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? நெற்றியில் குங்குமம் 190, 25, 40. மாநிறத் தோல் 175, 120, 90. 70, 30, 0 கலவையில் பொட்டு 140, நெற்றி 158. வெறும் 18 வித்தியாசம், பொட்டு மங்கிப்போகும். சிவப்பை 100 ஆக்கினால் பொட்டு நெற்றியைவிட வெளுத்தே விடும். உதடும் அப்படித்தான் முகத்தோடு கரையும். முகமும் மெழுகு பூசினது மாதிரி வெளுக்கும். அந்த வெளுப்புக்காகவே இந்தச் சூத்திரம் பரவியதோ என்று எனக்குச் சந்தேகம். மாநிறத்தை மாநிறமாகக் காட்டாத கருப்பு வெள்ளை எனக்கு உடன்பாடில்லை. போட்டோஷாப்பில் மோனோகுரோமை டிக் செய்ததும் தானாக வரும் 40, 40, 20-ல் இதே பொட்டு 94, நெற்றி 136. அதுவே பரவாயில்லை. 30, 60, 10 என்றால் 76-க்கு 133, பொட்டு பளிச்சென்று நிற்கும். பச்சையை இன்னும் ஏற்றினால் சிவப்பு மேலும் கறுக்கும். சிவப்பொளி பதியாத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் எடுத்த முகங்களில் உதடு கருகருவென்று இருப்பது இதனால்தான்.

முகம் பெரிதாகத் தெரியும் கருப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு நான் 30, 60, 10-ல்தான் தொடங்குவேன். பரு அதிகம் தெரிந்தால் பச்சையிலிருந்து பத்தை எடுத்துச் சிவப்புக்குக் கொடுங்கள், நீலத்தைத் தொடாதீர்கள். பின்னால் வானமும் இருந்தால் இரண்டு மிக்ஸர் லேயர் போட்டு, வானத்துக்கு 70, 30, 0, முகத்துக்கு இது என்று மாஸ்க்கால் பிரித்துவிடுங்கள். கீழே உள்ள மிக்ஸரை மறைக்காவிட்டால் மேலே உள்ள லேயருக்குக் கலர் போய்ச் சேராது என்பதால், முகத்துக்கான மிக்ஸரின் மாஸ்க்கில் வானத்தையும் வானத்துக்கானதில் முகத்தையும் மறைத்துவிடுங்கள். மேலே உள்ளதில் மட்டும் மறைத்துவிட்டு ஸ்லைடர் வேலை செய்யவில்லை என்று திட்டாதீர்கள்.